நடிப்புத் தேர்வுக்கு முன்

நடிப்புத் தேர்வுக்குச் செல்லும் மாணவர் பலர், முதலில் நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர். பிறகு புகழ்பெற்ற திரைக்காட்சி ஒன்றை அப்படியே பேசிப் பழகுகின்றனர். நிறமும் உயரமும் குறைவென்று தயங்கிப் போகாமலே நின்றுவிடுவோரையும் ஆண்டுதோறும் வகுப்பறையில் காண்கிறேன். இரு சாராரும் முகத்தையே நம்புகின்றனர், குரலை மறந்துவிடுகின்றனர்.

மதுரையில் 1918ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் ஔவை சண்முகம் எனப் போற்றப்பட்ட தி. க. சண்முகம், ஆறு வயதில் அங்குச் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத அக்கால அரங்கில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். எனவே பாடல், உரையாடல், உச்சரிப்பு ஆகியவற்றில் தேர்ந்த பின்னரே மேடை. (பாலர் சபைகளில் வழங்கிய அடி உதைகளை நான் போற்றவில்லை, பயிற்சியை மட்டுமே போற்றுகிறேன்.)

ஆகவே, ஓர் உரைப்பகுதியைத் தேர்ந்து நாள்தோறும் வாய்விட்டுப் படியுங்கள். பேசுபவர் யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார் எனக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே வரியைச் சினத்தோடும் கெஞ்சலோடும் சொல்லிப் பாருங்கள். தேர்வாளர் இடைமறித்து, “இதையே உன் தாயிடம் சொல்வதுபோலச் சொல்” என்பார். திரைக்காட்சியைப் பார்த்துப் பழகியவர் அங்கே திகைப்பார். பொருளுணர்ந்து பழகியவர் மூச்சை இழுத்துவிட்டு மீண்டும் தொடங்குவார்.