நிறுத்தும் உரிமை யாரிடம்?



கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளிக்கு இப்பால் அமைந்துள்ள ஓசூரை நீங்கள் அறிவீர்கள். கேழ்வரகு விளைந்த அம்மண்ணில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் அங்கிருந்து வெளிவந்தது. அந்தப் பத்தாண்டுகள் முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரமும் அங்கே பிறந்தது. அன்று நம் இளைஞர்கள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு லேத்தின் முன் நின்றார்கள். சொன்னதைச் செய்வதே இயந்திரத்தின் வேலையாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி அருகே ஓலா நிறுவனம் மின்சார ஸ்கூட்டர் ஆலையை அமைத்தது. அதனைப் பத்தாயிரம் பெண்களே நடத்துவர் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஆயிரக்கணக்கான ரோபோக்கள் அங்கே இயங்கும் என்றும் சொல்லப்பட்டது. பெண்களும் ரோபோக்களும் ஒரே கூரையின் கீழ்! இது கூட்டுறவா, அல்லது ஒன்று மற்றொன்றுக்கு அடிமைப்படுவதா? நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் இடம் ஆதலால், இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிட இயலாது.

2015 ஆகஸ்டில் அரியானா மாநிலம் மானேசரில், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், உலோகத் தகட்டைச் சரிசெய்ய முயன்ற இளம் தொழிலாளி ஒருவர் இயந்திரக் கையினால் தாக்குண்டு உயிரிழந்தார். அக்கைக்குப் பகையும் இல்லை, இரக்கமும் இல்லை. எதிரே நிற்பது தகடா, மனிதனா என்று பகுத்தறிய அதற்குக் கற்பிக்கப்படவில்லை. மனிதரோடு தோளுரசி வேலை செய்யும் ரோபோ எவ்வளவு விசைக்கு மேல் மனித உடலை அழுத்தலாகாது என்பதற்குப் பன்னாட்டுத் தரநிலை அமைப்பு 2016-இல் வரம்புகள் வகுத்தது. தொட்டவுடன் நின்றுவிடும் ரோபோக்களும் இன்று உண்டு. ஆனால் உடலைக் காப்பது முதற்படி மட்டுமே.

அடுத்த படியை ஜப்பானிய நெசவுத் தறி ஒன்று கற்பிக்கிறது. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை 1924-இல் சகிச்சி டொயோடா நிறைவு செய்தார். பழுதான துணியை மேலும் நெய்துகொண்டே போவதைவிட, நின்று மனிதனை அழைப்பதே மேல் என்பது அதன் தத்துவம். அவர் குடும்பத்தார் தொடங்கிய கார்த் தொழிற்சாலையில் அது ஒரு கயிறாக மாறியது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அக்கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். குறை தீராவிடில் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். கடைநிலை ஊழியனின் கையில் எத்தகைய அதிகாரம், எண்ணிப் பாருங்கள்!

இப்பொழுது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். உதிரிபாகங்களில் கீறல் உண்டா எனக் கேமரா பார்க்கிறது. நல்லது, கெட்டது என்று கணினி தீர்ப்பளிக்கிறது. அத்தீர்ப்பு எங்கிருந்து வந்தது? இது நல்லது, இது பழுது என்று மனிதர் பிரித்துக் கொடுத்த ஆயிரமாயிரம் படங்களிலிருந்தே வந்தது. அப்படங்களில் இல்லாத ஒரு நிழலோ, எண்ணெய்த் துளியோ குறுக்கிட்டால் அது தடுமாறும். களைப்பறியாத கண் அதனுடையது. காரணம் அறியும் அறிவு நம்முடையது. இரண்டும் சேர்ந்தால் பலன் பெரிது. ஆனால், “கணினி சொல்லிவிட்டது, நீ யார் கேட்க?” என்று தொழிலாளியின் வாயை அடைத்தால், அந்தக் கூட்டுறவு அங்கேயே முறிந்துவிடுகிறது.

கணினி பின்பற்றும் வழிமுறைக்கு ‘அல்காரிதம்’ என்று பெயர். அது ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல். எனவே இவ்வறிவைக் கண்டு நாம் அஞ்சி ஒதுங்கத் தேவையில்லை. அதே வேளையில், பொறுப்பு என்பது ஓர் அமானிதம் என்பதை மறக்கலாகாது. கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது. தவறு நேர்ந்தால் கேள்வி கேட்கப்படுபவன் மனிதனே. பாதுகாப்பும் அறநெறியும் தழுவிய செயற்கை நுண்ணறிவுக்கென்று தமிழ்நாடு அரசு 2020-இல் ஒரு கொள்கையை வெளியிட்டதும் இத்தகைய கவலையினால்தான்.

ஆகவே பெற்றோரே! உங்கள் மகளோ மகனோ ஓசூருக்குப் புறப்படும்போது சம்பளத்தையும் விடுதியையும் மட்டும் விசாரிக்காதீர்கள். “இயந்திரம் தவறினால் அதை நிறுத்தும் உரிமை என் பிள்ளைக்கு உண்டா? நிறுத்தினால் ஏச்சு கிடைக்குமா, செவிசாய்ப்பு கிடைக்குமா?” என்றும் கேளுங்கள். எப்பொழுது நிறுத்த வேண்டும் என்று அறியும் கல்வியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆலை நடத்தும் சகோதரர்களே! அந்த உரிமையை அச்சமின்றிப் பயன்படுத்த நீங்கள் இடம் கொடுங்கள். நிறுத்தும் கை மனிதனுடையதாக இருக்கும் வரையில், சிந்திக்கும் இயந்திரம் நமக்குத் துணையாகவே இருக்கும்.