ஒரு கமா, ஒரு இனிஷியல், ஒரு அப்பா

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு போன். கூடப் படிச்ச தோழி. பி.இ. முடிச்சதும் நான் பொட்டி தட்ட வந்துட்டேன், அவ எம்.இ., பிஹெச்.டி.ன்னு போயிட்டா. நிஜப் பேரு வேணாம், கயல்விழின்னு வெச்சுக்குவோம். அவங்க அப்பா பேரை முத்துசாமின்னு வெச்சுக்குவோம். இந்தப் பதிவுக்கு ரெண்டு பேரும் முக்கியம்.

"டேய், தீசிஸை பிரிண்டுக்குக் குடுக்கணும். ரெஃபரன்ஸ்ல ஒரு சின்னப் பிரச்னை. அஞ்சு நிமிஷ வேலைதான்."

அஞ்சு நிமிஷ வேலைன்னா விடிய விடியன்னு அர்த்தம், சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அப்படியேதான் ஆச்சு. ஆனா அந்த ராத்திரி எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறவங்க, முக்கியமா கணக்கு, கம்ப்யூட்டர் பக்கம் இருக்கறவங்க, நிறையப் பேர் லேடெக்லதான் எழுதறாங்க. (லேடெக்ஸ்னு படிச்சீங்கன்னா அது ரப்பர் பால்!) டொனால்ட் நூத் தன்னோட புத்தகத்தை அச்சுக் கோத்த அழகு பிடிக்காம 1970-களோட கடைசில எழுத ஆரம்பிச்சது டெக். அதுக்கு மேல லெஸ்லி லாம்போர்ட் கட்டினது லேடெக். மேற்கோள் காட்டுற நூல், கட்டுரை எல்லாத்தையும் தனிக் கோப்புல போட்டு வெச்சா, அதைப் படிச்சு வரிசைப்படுத்தி கடைசிப் பக்கத்துல பட்டியலாக் குடுக்கறது பிப்டெக். 1985-ல ஓரன் பட்டாஷ்னிக் எழுதினது. இன்னிக்கும் ஓடிட்டிருக்கு. நான் போன வருஷம் எழுதின புரோகிராம் இப்ப ஓடுமான்னே சந்தேகம், அது வேற விஷயம் :-)

பட்டியல் எப்படி இருக்கணும்ங்கறது இன்னொரு கோப்புல இருக்கும். அதுதான் ஸ்டைல் கோப்பு. தலைப்பு சாய்வெழுத்தா, தொகுதி எண் தடிமனா, வருஷம் முன்னாடியா பின்னாடியா, எல்லாத்துக்கும் அங்க போய்த்தான் கை வைக்கணும். கை வைக்கிறது லேசில்ல. அது ஒரு குட்டி நிரலாக்க மொழி. ரெண்டும் மூணும் கூட்டுன்னு சொல்ல முடியாது. ரெண்டு, மூணு, கூட்டுன்னு தலைகீழா சொல்லணும். அதைப் பாத்து மிரண்டவங்களுக்குன்னே பேட்ரிக் டேலிங்கறவர் ஒரு கருவி எழுதி வெச்சிருக்கார். இது எப்படி வேணும், அது எப்படி வேணும்னு சளைக்காம கேள்வி கேட்டு, கடைசில நமக்கான ஸ்டைல் கோப்பை அதுவே எழுதிக் குடுத்துடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கயலோட பிரச்னை என்னன்னா, அவ தீசிஸ்ல அவளோட கட்டுரைகளையே மேற்கோள் காட்டியிருக்கா. மூணு கட்டுரை. பட்டியல்ல மூணும் மூணு இடத்துல இருக்கு! முதல் கட்டுரையில பேரை 'எம். கயல்விழி'ன்னு போட்டிருந்தா. அது கயல்விழின்னு ஒழுங்கா வந்துடுச்சு. ரெண்டாவதுல 'கயல்விழி எம்'. அது 'எம் மற்றும் பலர்'னு வந்து நிக்குது. மூணாவது, பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி 'கயல்விழி முத்துசாமி'. அது 'முத்துசாமி மற்றும் பலர்'. மூணுலயும் உருப்படியான கட்டுரை அந்த மூணாவதுதான். அதைத்தான் மத்தவங்களும் எடுத்துக் காட்டறாங்க. அஞ்சு வருஷம் ராப்பகலா உழைச்சது இவ, பேரு வாங்கினது எட்டாவது வரைக்கும் படிச்சு, டவுன் பஸ்ல டிக்கெட் கிழிச்சு ரிட்டையர் ஆன அவங்க அப்பா.

ஏன் இப்படி? பிப்டெக் ஒரு பேரை நாலு துண்டாத்தான் பாக்கும். முதல் பேரு, 'வான்', 'டி' மாதிரி நடுவுல வர்ற ஒட்டு, கடைசிப் பேரு, ஜூனியர். கமா இல்லாம எழுதினா, கடைசியா நிக்கிற வார்த்தைதான் குடும்பப் பேருன்னு எடுத்துக்கும். மேற்கோள்ல வர்றதும் அகரவரிசைக்கு எடுத்துக்கறதும் அந்தப் பேரைத்தான். மீதியெல்லாம் வெறும் இனிஷியல்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நம்ம தாத்தா காலத்து வழக்கம் பிப்டெக்குக்குக் கச்சிதமாப் பொருந்துது. சீனிவாச ராமானுஜன்ல சீனிவாசங்கறது அப்பா பேரு. சுப்ரமணியன் சந்திரசேகர்லயும் அப்படித்தான், சுப்ரமணியன் அப்பா. நூலகத் துறைக்கே இலக்கணம் எழுதின எஸ்.ஆர். ரங்கநாதன்ல முதல் எழுத்து ஊரு (ஷியாலி, அதாவது சீர்காழி), ரெண்டாவது அப்பா. சொந்தப் பேரு கடைசில நிக்கறதால, குடும்பப் பேருன்னு நினைச்சு உலகம் எடுத்துக்கிட்டது அவங்கவங்க சொந்தப் பேராவே அமைஞ்சு போச்சு. சந்திரசேகர் எல்லைன்னுதான் சொல்றாங்க, சுப்ரமணியன் எல்லைன்னு யாரும் சொல்றதில்ல. அதிர்ஷ்டம்தான்.

அந்த அதிர்ஷ்டத்தைக் கெடுத்தது விண்ணப்பப் படிவங்கள். 'சர்நேம்'னு ஒரு கட்டம். நமக்குத்தான் அது கிடையாதே, காலியா விட்டா ஏத்துக்க மாட்டேங்குதேன்னு அப்பா பேரைத் தூக்கி அங்க போட்டோம். முன்னாடி இருந்த இனிஷியல் விரிஞ்சு பின்னாடி போய் உக்காந்துடுச்சு.

கயலோட கைடு சொன்ன தீர்வு: "பேசாம மூணையும் முத்துசாமின்னே மாத்திடும்மா, ஒரே சீரா இருக்கும்."

இங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு.

ஃபார்மட்டுக்காக நாம என்னென்ன செய்யறோம்! தொகுதி எண்ணைத் தடிமனாக்க ஒரு ராத்திரி. பக்க எண்ணுக்கு நடுவுல சின்னக் கோடா பெரிய கோடான்னு ஒரு ராத்திரி. தலைப்புல இருக்கற பெரிய எழுத்தையெல்லாம் பிப்டெக் சின்னதாக்கிடுதேன்னு ஒவ்வொரு சுருக்கப் பேருக்கும் நெளிவு அடைப்புக்குறி போட இன்னொரு ராத்திரி. நானும் என் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு இதெல்லாம் பண்ணவன்தான், இல்லைங்கலை. ஆனா அந்தப் பட்டியல்ல ஒரு உயிருள்ள ஆளைத் தொடற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், அது பேரு. அதுக்கு மட்டும் 'சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும், நீ மாறிக்கோ'ன்னு சொல்றோம். கோடு நீளமாகறதுக்கு நேரம் இருக்கு, பேரு சரியாகறதுக்கு நேரம் இல்ல. இது எந்த ஊர் நியாயம்?

இத்தனைக்கும் தீர்வு என்ன தெரியுமா? ஒரே ஒரு கமா. 'கயல்விழி, எம்.'னு எழுதினாப் போதும். கமாவுக்கு முன்னாடி இருக்கறதுதான் முக்கியமான பேரு, பின்னாடி இருக்கறது இனிஷியல்னு பிப்டெக்குக்குப் புரிஞ்சுடும். அப்புறம் எந்த ஸ்டைல் கோப்பைப் போட்டாலும் கயல்விழிதான். ஒண்ணு 'எம். கயல்விழி'ன்னு காட்டும், இன்னொண்ணு 'கயல்விழி, எம்.'னு காட்டும். ரெண்டுலயும் அவ இருக்கா. முழுப் பேரையும் ரெட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள்ள பூட்டி வைக்கிற குறுக்கு வழியும் உண்டு. ஆனா அது கம்பெனி, அரசுத் துறை மாதிரி நிறுவனப் பேர்களுக்கானது. மனுஷங்களுக்குப் போட்டா, இனிஷியல் எது பேரு எதுன்னு பிரிக்க வழியில்லாமப் போயிடும்.

அதாவது, நாங்க ஸ்டைல் கோப்புல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடின பிரச்னை அங்க இல்லவே இல்ல. தகவல் கோப்புல இருந்துச்சு. நம்ம வேலையிலயும் பாதி பக் இப்படித்தானே.

மீதி ராத்திரி எதுக்குப் போச்சுன்னா, அவ மேற்கோள் காட்டியிருந்த ஏழெட்டு தமிழ்ப் புத்தகங்களுக்கு. 'கு'ங்கறது நமக்கு ஒரு எழுத்து. யூடிஎஃப்-8ல அது ஆறு பைட். பழைய பிப்டெக் முதல் பைட்டை மட்டும் கிள்ளி எடுத்து இனிஷியல்னு வைக்கும், வர்றது குப்பை. அதனால பிப்லேடெக்குக்கு மாறினோம். 2006-ல பிலிப் லேமன் ஆரம்பிச்சது. அது கூட வேலை செய்யற பைபருக்கு யூனிகோட் தெரியும். 'மற்றும் பலர்', 'பதிப்பாசிரியர்' மாதிரி வார்த்தைகளையும் நாமே குடுத்துக்கலாம். ஆனா 'கயல்விழியும் முருகனும்'னு எழுத வைக்க முடியலை. ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு சொல்லைச் செருகத்தான் அதுக்குத் தெரியும், பேரோட வாலை மாத்தத் தெரியாது. 'மற்றும்'னு போட்டு சமாதானமானோம். (தமிழாசிரியர்கள் மன்னிக்க!)

பிப்லேடெக்ல இன்னொண்ணு பிடிச்சது. பேருக்குள்ள புதுசா ஒரு பகுதியையே நாம சேர்த்துக்கலாம். அதோட உதாரணக் கோப்புகள்லயே தகப்பன் பேருக்குன்னு ஒரு தனிப் பகுதி சேர்த்துக் காட்டியிருக்காங்க, ரஷ்யக்காரங்களை மனசுல வெச்சு. ஆக, வழி இருக்கு. நாம கேக்கறதில்ல, அவ்வளவுதான்.

"ஓஆர்சிஐடின்னு 16 இலக்க எண் குடுக்கறாங்களே, 2012-லேர்ந்து இருக்கே, அது போதாதா?"ன்னு யாராவது கேப்பீங்க. மெஷினுக்குப் போதும். கட்டுரை படிக்கிறவன் கண்ணுல எண்ணா படுது? பேருதானே படுது. ஐஸ்லாந்துக்காரங்களுக்கும் நம்மள மாதிரி பெரும்பாலும் அப்பா பேருதான் பின்னாடி. அவங்க ஊர் டெலிபோன் டைரக்டரியையே சொந்தப் பேரு வரிசையிலதான் போட்டாங்க. நூத்தை எடுத்துக்குங்க. தன் புத்தகங்களோட சொல்லடைவுல மேற்கோள் காட்டுற ஆளுங்க பேரை முழுசாப் போடணும்னு மெனக்கெடுறவர் அவர். சீனப் பேர்களைச் சீன எழுத்துலயே போடுவார். டெக்கை உருவாக்கினவருக்கே இருக்கற அக்கறை, அதுல தீசிஸ் அடிக்கிற நமக்கு இருக்க வேணாமா?

தீசிஸ் சரியாயிடுச்சு. ஆனா ஏற்கெனவே அச்சான கட்டுரையை எடுத்துக் காட்டறவங்க முத்துசாமின்னுதான் தொடர்ந்து போடுவாங்க. பத்திரிகைத் தளத்துலேர்ந்து இறக்குற தகவல் கோப்புலயே அப்படித்தான் இருக்கு. அதனால, ஆராய்ச்சிப் பக்கம் இருக்கற மக்களுக்கு என்னோட ரெண்டே வேண்டுகோள்:

1. முதல் கட்டுரை அனுப்பும்போதே, 'குடும்பப் பேரு'ங்கற கட்டத்துல உங்க சொந்தப் பேரைப் போடுங்க. இன்னொரு கட்டத்துல இனிஷியல். பொய் இல்லீங்க இது. எந்தப் பேரால உங்களைக் குறிப்பிடணும்னு கேக்கறதுதான் அந்தக் கட்டத்தோட வேலை. பாஸ்போர்ட் வேற, கட்டுரை வேற.

2. மத்தவங்களை மேற்கோள் காட்டும்போது, இறக்கின கோப்பை அப்படியே ஒட்டாம ஒரு நிமிஷம் பேரைப் பாருங்க. 'எம் மற்றும் பலர்'னு வந்தா, அங்க ஒரு ஆளு காணாமப் போயிருக்காங்கன்னு அர்த்தம்.

கடைசியா ஒண்ணு. நான் போட்ட சண்டையையெல்லாம் கேட்டுட்டு கயல் சொன்னா: "எனக்கு ஒரு மாதிரி குழப்பமாவே இருந்துச்சுடா. அப்பா பேரும் வரட்டுமேன்னு தோணிச்சு. அவர் இல்லைன்னா நான் ஏது படிச்சிருக்கப் போறேன்." அதனால அந்த மூணாவது கட்டுரை மேற்கோளை அவர்கிட்டயே கொண்டு போய்க் காட்டியிருக்கா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பாத்தாராம்.

"முப்பது வருஷமா டிக்கெட் கிழிச்சவன்மா நான். இதுல என்னை எதுக்கு இழுத்து விட்டிருக்காங்க? உன் பேரைப் போடச் சொல்லு. என் எழுத்து ஒண்ணு முன்னாடி நின்னாப் போதும்."

கமா எங்க வரணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

டிஸ்கி: உங்க பேரு, இல்ல உங்க வீட்டுல யாரோட பேராவது இப்படி எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு முழிச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. லேடெக் சந்தேகம் கேக்கறவங்க மட்டும் தயவு செஞ்சு ராத்திரி பத்துக்கு முன்னாடி கேட்டுடுங்க :-)