பூமாலையிலிருந்து பவனுக்கு

2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை காபூலை விட்டு வெளியேறிய நாட்களில் நம் இலக்கிய நண்பர்கள் எழுதிக் குவித்தவற்றை ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவரலாம். அந்நியப் படை எந்த மண்ணிலும் நிலைத்ததில்லை என்றார்கள். வியட்நாமில் கற்காத பாடத்தை ஆப்கானிஸ்தானிலும் கற்கவில்லை என்றார்கள். அனைத்தும் சரியே. ஆனால், 1987 முதல் 1990 வரை பாக் நீரிணைக்கு அப்பால், நம் வரிப்பணத்தில், நம் பெயரால் நடந்த ஒரு போரைப் பற்றி இதே பேனாக்கள் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகின்றன? பேசினாலும் இரண்டே பல்லவிதான். ராணுவத்தின் கைகளைக் கட்டிப்போட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது ஒன்று. புலிகள் விரட்டியடித்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் யாழ்ப்பாணத்துக் குடியானவன் இல்லை.

இந்திய ராணுவத்தை அந்நியப் படை என்று எப்படிச் சொல்லலாம் என்று சிலர் இந்நேரம் சினந்திருப்பார்கள். சினம் தணிய, சொற்களிலிருந்தே தொடங்குவோம். தமிழாசிரியருக்கு வேறு வழி தெரியாது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்நடவடிக்கைக்கு இட்ட பெயர் 'பூமாலை'. நல்ல தமிழ்ப் பெயர். ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே நம் படை பலாலியில் இறங்கியது. மக்கள் வரவேற்றார்கள் என்பதும் உண்மை. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் யாழ் நகரைப் பிடிக்கத் தொடங்கிய தாக்குதலுக்குப் பெயர் 'பவன்'. காற்று என்று பொருள்படும் வடசொல். நான்கே மாதங்களில் பெயர் சூட்டுவோருக்குத் தமிழ் தேவையற்றதாகிவிட்டது. இது தற்செயலாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. எவருடைய வாழ்வைப் பற்றியதோ அந்தத் தமிழர் தரப்பில் ஒரு கையெழுத்தும் இல்லை. அழைத்தது கொழும்பு, ஆகவே இது ஆக்கிரமிப்பாகாது என்று வாதிடுவோர், 1989இல் அதே கொழும்பின் அதிபர் பிரேமதாசா ஜூலை 29க்குள் வெளியேறுமாறு கேட்டதையும், அதன்பின் 1990 மார்ச் 24 வரை நம் படை அங்கே இருந்ததையும் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? (தமிழரைக் காக்க வந்த படையை வெளியேற்ற அவரே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார் என்பது வரலாற்றின் தனி நகைச்சுவை.)

கைகளைக் கட்டிய கதைக்கு வருவோம். தளபதி ஹர்கிரத் சிங் பின்னாளில் எழுதிய நூலில் டில்லியையும் தூதரகத்தையும் சாடுகிறார். சாடட்டும். யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவினர் முப்பதின்மரில் இருபத்தொன்பது பேர் மாண்டார்கள். யாருடைய திட்டத்துக்காக மாண்டோம் என்று அவர்களுக்கே தெரிந்திராது. ஆனால் டாங்கியும் பீரங்கியும் தாக்குதல் ஹெலிகாப்டரும் கொண்டு, ஒரு கட்டத்தில் ஒரு லட்சத்தை நெருங்கிய படையின் கை எங்கே கட்டப்பட்டிருந்தது? கட்டப்பட்டிருந்தது நாக்கும் செவியும்தான். எதிரில் நிற்பவர் சொல்வது விளங்காத படைக்கு ஊரே எதிரியாகத் தெரியும்.

இதை யாழ்ப்பாணத்து வழக்குச் சொற்களே காட்டிக்கொடுக்கும். நாம் நாளிதழில் 'அமைதி காக்கும் படை' என்று வாசித்துக்கொண்டிருந்தபோது அங்கே அது 'இந்தியன் ஆமி'. நாம் 'தேடுதல் வேட்டை' என்றது அங்கே 'சுற்றிவளைப்பு'. வரிசையில் நிறுத்தப்பட்ட ஆண்களின் முன்னால், முகத்தை மூடிக் கண்ணுக்கு மட்டும் துளைவிட்ட ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் தலை அசைந்தால் எதிரில் நிற்பவனைக் கொண்டுபோய்விடுவார்கள். அவனுக்குப் பெயர் 'தலையாட்டி'. தமிழில் பொம்மைக்கு முன் நின்ற அடைமொழியை அங்கே மனிதன் ஏற்றான். 1989இல் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற பெயரில், நம் படையின் நிழலில், சிறுவர்களைத் தெருவில் பிடித்துத் துவக்கைக் கையில் கொடுத்தார்கள். மக்கள் வைத்த பெயர் 'பிள்ளைபிடி'. நம் படை கப்பலேறிய பின் அந்தப் பிள்ளைகளைப் புலிகள் வேட்டையாடினார்கள். இச்சொற்களுள் ஒன்றையாவது நம் பாடநூல்களின் ஈழத்து வழக்குச் சொற்பட்டியலில் கண்டவர் உண்டோ? நாம் பயின்ற முதுகலைப் பாடத்திட்டத்தில் இல்லை.

புறநானூற்று ஒன்பதாம் பாடலை ஆண்டுதோறும் நடத்துகிறோம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் நெட்டிமையார், அம்பு விடுமுன் நோயாளிகளும் பெண்டிரும் பிறரும் பாதுகாப்பான இடம் சேர அறிவிக்கும் அறநெறியைப் போற்றுகிறார். (புகழ்ப்பாட்டை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது என்பது தனிச் சிக்கல்.) 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் தாதியரும் மருத்துவர்களுமாக எழுபது பேரளவில் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாள் காலை, குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் தாதியருடன் கைகளை உயர்த்தி, நாங்கள் மருத்துவர்கள் என்று கூவியபடி வந்தார், அவரையும் சுட்டார்கள். புலிகள் அந்த வளாகத்துக்குள் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கட்டில்களுக்கடியில் கிடந்தோரைச் சுடுவதற்கு அது காரணமாகுமா என்பதே வினா. ஒன்பதாம் பாடலுக்கு உரை சொல்லி மதிப்பெண் வாங்கித்தரும் நாம் அந்தத் தீபாவளியை ஒரு வரியிலும் சொல்லாமல் வகுப்பை முடிக்கிறோம். இதில் நமக்கும் பங்குண்டு. பிறரை மட்டும் சாடவில்லை.

இதையெல்லாம் எழுதியவர் ஒரு கல்லூரி ஆசிரியைதான். யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, தோழர்கள் மூவருடன் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யில் இந்தியப் படையின் கொலைகளும் வல்லுறவுகளும் பதிவாகியுள்ளன. புலிகளின் கொலைகளும் பதிவாகியுள்ளன. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றனர் என்பது அவருடைய தோழர்கள் மாறாது சொல்லிவருவது. இரு தரப்பையும் எழுதியவருக்கு நேர்ந்தது அது. ஒரு தரப்பை மட்டும் எழுதி இங்கே நாம் பரிசு வாங்குகிறோம்.

தொலைதூரத்துக் கதை என்று ஒதுக்க, கூடுவாஞ்சேரியில் குடியிருப்போருக்கு உரிமையில்லை. நாள்தோறும் நாம் ஏறும் புறநகர் ரயிலின் ஒரு திசையில் பரங்கிமலை. அங்கே பயிற்சி பெற்று அதிகாரியான மேஜர் ராமசாமி பரமேசுவரன் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் இறந்து பரம் வீர் சக்கரம் பெற்றார். மறுதிசையில் செங்கல்பட்டு. ஈழ அகதிகளுள் ஐயத்துக்குரியோர் என்று கருதப்பட்டவர்களைப் பல்லாண்டு அடைத்துவைத்த சிறப்பு முகாம் அங்கே இருந்தது. மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை நினைவில் வைத்திருக்கும் நாம் அதற்கு முந்தைய நான்காண்டுகளை மட்டும் மறந்தது எப்படி?

எங்கள் தெருவில் மதராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர் இருக்கிறார். 1988இல் அங்கே இருந்தவர். சியாச்சின் பனியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்; வவுனியா என்றால் எழுந்து போய்விடுவார். 1990இல் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அது சரியா தவறா என்று நாம் ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டோம். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. "சென்றியில நிக்கிறப்போ ஒரு பாட்டி, நீ தமிழா தம்பின்னு கேட்டாங்க சார். ஆமான்னு சொன்னேன். அப்ப ஏன் இங்க நிக்கிறேன்னாங்க" என்றார். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே மாண்டார்கள். அவர்களுள் எவரிடமும் அந்தக் கேள்விக்கு விடை கொடுத்து அனுப்பவில்லை.

சென்ற ஆண்டு அவர் கேட்டு 'முறிந்த பனை'யைக் கொடுத்தோம். இன்னும் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.