லேப்டாப்புக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவரும் விவசாயி ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, பையன் போன்ல ஓடற ஆப்பு செய்யறதுக்குப் படிக்கறானாமுங்க. ஒண்ணேகால் லட்சத்துல லேப்டாப்பு இருந்தாத்தான் ஆகுமாம். இல்லீன்னா வேற படிப்புக்குப் போயிக்கறேங்கறான். நெசந்தானுங்களா?" வீட்டம்மாவின் சங்கிலியை அடகு வைப்பதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

நெசமில்லை. அவரிடம் மெதுவாகச் சொன்னதை இங்கே உரக்கச் சொல்கிறேன். ஆப் செய்யக் கற்றுக்கொள்ள விலை கூடிய கணினி வேண்டும், முடிந்தால் மேக்புக்கே வேண்டும் என்ற நம்பிக்கை சத்தியமங்கலம், கோபி, புளியம்பட்டி என்று கல்லூரி பஸ் போகிற ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. சீனியர் ஜூனியருக்குச் சொல்கிறான். கடைக்காரர் அதையே தகப்பனுக்குச் சொல்கிறார். யூட்யூபில் லேப்டாப் காட்டுபவர்கள் ஊருக்கே சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் 16 ஜிபி, 32 ஜிபி ரேம் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அது எமுலேட்டரிலிருந்து வந்தது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது எவ்வளவு ரேம் வேண்டும் என்று கூகுள் எழுதி வைத்திருப்பதைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு கணக்கு தெரியும். ஸ்டுடியோ மட்டும் ஓட 8 ஜிபி. ஸ்டுடியோவோடு எமுலேட்டரும் ஓட 16 ஜிபி. எமுலேட்டர் என்பது கணினிக்குள்ளேயே பொய்யாக ஒரு முழு போனை ஓட வைக்கும் ஏற்பாடு. நிஜ போனுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டுமோ அவ்வளவையும் உங்கள் கணினியிலிருந்து அது பிடுங்கிக்கொள்ளும். ஸ்டுடியோ ஒரு பக்கம் தின்கிறது. எழுதியதை ஆப்பாகக் கட்டித்தரும் கிரேடில் 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று புது புராஜெக்டிலேயே எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு கிரோமில் பத்து ஜன்னல் திறந்திருக்கும். இதற்கு நடுவே எமுலேட்டரையும் கொண்டுவந்து உட்கார வைத்தால் 8 ஜிபி கணினி மூச்சு முட்டத்தான் செய்யும்.

ஆனால் இந்தப் பிள்ளைகளில் கையில் நிஜ போன் இல்லாதவர் யார்? நாட்டில் நூறு ஸ்மார்ட்போன் இருந்தால் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, கேபிளைச் செருகி, போன் கேட்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால் எழுதிய ஆப் நேராகக் கையிலுள்ள போனில் வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு 11-ஓ அதற்குப் பிந்தையதோ ஓடும் போன்களில் கேபிள்கூட வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்தால் போதும். எமுலேட்டருக்காகக் கேட்ட 8 ஜிபி ரேம் அங்கேயே மிச்சம். நிஜ போனில் சோதித்தவனுக்குத்தான் வெயிலில் திரை தெரிகிறதா, பூ கட்டுகிற ஈரக் கையால் பொத்தான் அழுந்துகிறதா என்பதும் தெரியவரும். கணினிக்குள் இருக்கும் பொய் போன் அதைச் சொல்லித் தராது.

நம் ஊர் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டார் கருகினால் அடுத்த நாளே புது மோட்டார் வாங்க யாரும் கோவைக்கு பஸ் ஏறுவதில்லை. கழற்றி வண்டியில் போட்டு காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோகிறோம். பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று பார்த்து, போனதை மட்டும் மாற்றுகிறோம். ஐந்து எச்பிக்குத் தண்ணீர் ஊறும் கிணற்றில் பத்து எச்பியை இறக்குபவனைப் பார்த்து ஊரே தலையில் அடித்துக்கொள்ளும். இவ்வளவு விவரம் தெரிந்த குடும்பம், பிள்ளை படிப்பு என்று வந்ததும் கழற்றிப் பார்க்காமலே புதுசு வாங்கக் கிளம்புகிறது. எனக்கு வருத்தம் அங்கேதான். பழைய லேப்டாப்பின் பேரிங் எது, காயில் எது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

நான் சொல்கிறேன். ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறக்கத் திணறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சுழலும் ஹார்டு டிஸ்க்கை. ஒரு ஆப்பைக் கட்டும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது. சுழலும் தட்டின் மேல் ஊசி ஓடி ஓடித் தேடுவதற்குள் நேரம் போய்விடும். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதே கணினியா இது என்று தோன்றும். இரண்டாவது ரேம். 4 ஜிபி இருந்தால் 8-க்கு உயர்த்தலாம். பெரும்பாலான பழைய லேப்டாப்பில் அடி மூடியைத் திறந்தால் அதற்கான இடம் கண்ணுக்கே தெரியும். இரண்டும் சேர்ந்தாலும் புது லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான். விண்டோஸ் கனமாக இருந்தால் லினக்ஸ் போடலாம், ஸ்டுடியோ அதிலும் ஓடும்.

எல்லாப் பழைய கணினியும் தேறும் என்று சொல்லவில்லை. 2 ஜிபி ரேமோடு பரணில் கிடக்கும் பெட்டியில் ஸ்டுடியோ ஓடாது. அதில் ஆப் எழுதும் மொழிகளான கோட்லினிலோ ஜாவாவிலோ அடிப்படை பழகலாம், அவ்வளவுதான். கனமான முப்பரிமாண விளையாட்டு செய்கிறவர்களுக்குப் பெரிய கணினி தேவைதான். ஐபோன் ஆப் செய்ய எக்ஸ்கோட் வேண்டும், எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும். அதுவும் உண்மை. ஆனால் முதல் வருடம் படிக்கிறவனுக்கு ஐபோன் எதற்கு? ஆப்பிளிடம் ஆப்பை வெளியிட வருடா வருடம் 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் 25 டாலர், அதுவும் ஒரே முறை. பின்னால் தேவை வந்தால், இரண்டு வகை போனுக்கும் ஒரே முறையாக எழுத உதவும் ஃப்ளட்டரில் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மேக்கில் கட்டிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் முதல் நாளே மனம் உடைந்து "இந்த லேப்டாப்பு ஆகாது" என்று எழுந்துவிடுவதற்குப் பெரும்பாலும் கணினி காரணமே இல்லை. முதல் முறை கட்டும்போது கிரேடில் தனக்கு வேண்டிய நூலகங்களையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கும். சிக்னல் ஒரு கட்டை வருவதும் போவதுமாக இருக்கும் கிராமத்தில் அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், பாதியில் அறுந்தும் போகலாம். அடுத்த முறை அந்த இறக்கம் இருக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் காத்திருப்பான். வைரஸ் தடுப்பு ஒவ்வொரு கோப்பையும் நிறுத்தி நிறுத்திச் சோதிக்கும், புராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். போனைச் செருகியும் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லையா? வெறும் சார்ஜ் ஏற்றும் கேபிளாக இருக்கும், தரவு போகும் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆசையாக விண்டோஸில் தன் பெயரைத் தமிழில் வைத்த ஒரு பெண், புராஜெக்ட் இருக்கும் பாதையில் ஆங்கிலமல்லாத எழுத்து இருக்கிறது என்று கிரேடில் மறுத்ததும் இரண்டு நாள் அழுதிருக்கிறாள். தமிழில் பெயர் வைத்தது அவள் தவறல்ல. ஆனால் புராஜெக்டை வேறு ஃபோல்டருக்கு மாற்ற இரண்டு நிமிடம் போதும் என்று சொல்லவும் ஆளில்லை. இத்தனை சிக்கலில் ஒன்றைக்கூட ஒண்ணேகால் லட்சம் தீர்க்காது. புது லேப்டாப்பிலும் அதே கேபிள்தான், அதே சிக்னல்தான்.

நல்ல சாமான் பெரிய ஊரில்தான் செய்ய முடியும் என்ற நினைப்பு, விலை கூடிய கணினி வேண்டும் என்ற நம்பிக்கையோடு ஒட்டிப் பிறந்தது. உங்கள் அம்மாவின் போனை எடுத்துப் பாருங்கள். முகூர்த்த நாள், ராகு காலம், கௌரி நல்ல நேரம் பார்க்க ஒரு தமிழ் காலண்டர் இருக்கும், பெரும்பாலும் அது நித்ராவாக இருக்கும். ஒரு கோடிக்கு மேல் பதிவிறக்கம் ஆன அந்த ஆப்பின் நிறுவனம் இருப்பது பெங்களூரில் அல்ல, திருச்செங்கோட்டில். போர்வெல் லாரிகளின் ஊரில், நம் கொங்கு மண்ணில். அந்த ஆப்பை வாழ வைத்தது, தமிழ்க் குடும்பம் காலையில் எழுந்ததும் எதைத் தேடும் என்ற அறிவு. அந்த அறிவு எந்தக் கடையில் எந்த விலைக்குக் கிடைக்கும்?

இதை நான் இவ்வளவு சூடாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் ஒரு லட்சம்தான் புரட்ட முடியும், பிள்ளைகள் இரண்டு என்றால் அது யாருக்குப் போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மகனுக்கு லேப்டாப் வரும். மகள் 'அவ்வளவு செலவாகும் படிப்பு நமக்கு வேண்டாம் கண்ணு' என்ற வார்த்தையோடு வேறு பாடத்துக்குப் போவாள். தகுதி இல்லாததால் அவள் விலகவில்லை. தவறான ஒரு விலைப்பட்டியல் அவளை விலக்கியது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. வாங்கிய பிள்ளையிடம் "இதுல ஆப்பெல்லாம் செய்ய முடியாது, படம் பார்க்கத்தான் ஆகும்" என்று சொல்பவர்கள், அந்தப் பிள்ளையின் கையில் இருப்பதைத் தட்டிவிடுகிறார்கள். கல்லூரிகளும் முதல் வகுப்பிலேயே எமுலேட்டரைத் திறந்து காட்டுவதை நிறுத்த வேண்டும். மாணவர்களைத் தங்கள் போனை எடுக்கச் சொல்லி அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பூ விவசாயியின் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அக்கா படித்த காலத்து லேப்டாப் வீட்டில் இருந்தது. 4 ஜிபி ரேம், சுழலும் டிஸ்க். அவர்கள் வீட்டு ஆசாரத்தில் பாயை விரித்து, மூடியைத் திறந்து, இரண்டையும் மாற்றினோம். ஸ்க்ரூக்களை அவன் அம்மாதான் ஒரு தட்டத்தில் எண்ணி வைத்துக்கொண்டார், அந்தச் சங்கிலி கழுத்தில் இருந்தது. பூவெடுக்க வருபவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கணக்குப் போடும் ஆப் ஒன்றை இப்போது எழுதியிருக்கிறான். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு எடை போடும் நேரத்தில் எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே திரையில் எண்களை அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறான். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் ஆப்பை எல்லோருக்கும் வெளியிடும் முன், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதிக்க வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. மார்க்கெட்டில் ஏழு பேர் கிடைத்துவிட்டார்கள். மீதி ஐந்து பேருக்கு, பூவெடுக்க வரும் அக்காமார்களின் வீட்டுக்குப் போய் அவர்கள் போனைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.