பேர் வராத கேம் கசற்



சென்ற இதழில் சிறுசேமிப்புக் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறையும் ஒரு சேமிப்பைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் இது காசுச் சேமிப்பு அல்ல.

தெல்லிப்பழையில் நான் வழமையாகச் சென்றுவரும் வீடுகளில் ஒன்று அது. அந்த அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிஸ்கற் பேணி இருந்தது. அதற்குள் பழைய சீலைத் துணியில் சுற்றியபடி, கையில் பிடித்து விளையாடும் ‘கேம் பாய்’ என்னும் சிறிய வீடியோ கேம் பெட்டி. அதன் பின்புறத்தில் ஒரு கேம் கசற் செருகியிருந்தது.

“பிள்ளை, நீர் படிச்ச பிள்ளை. இதுக்குள்ளை இருந்தது எங்கை போனதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்.”

நான் படித்தது சமூகவியல். இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. என்றாலும் அவர் சொன்னதைக் கேட்டபின் என்னால் மறுக்க முடியவில்லை.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, இந்த அம்மா மகனை வயிற்றில் சுமந்துகொண்டே ஊரை விட்டு வெளியேறினார். 1995இல் மீண்டும் இடப்பெயர்வு. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்த பின்னர் வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரத் தொடங்கின. 2003இல் கனடாவில் இருந்து வந்த மாமா மருமகனுக்குக் கொண்டுவந்து கொடுத்ததுதான் இந்தக் கேம் பாய். விளையாட்டின் பெயர் ‘பொக்கிமொன் கோல்ட்’. மகனுக்கு அப்போது 12 வயது. 2007இல், 17 வயதில், ரியூசனுக்குப் போன மகன் வீடு திரும்பவில்லை.

“ஒவ்வொரு வருசமும் அவன்ரை பிறந்தநாளுக்கு ரெண்டு புதுப் பற்றரி வாங்கிப் போட்டு, ஒருக்கா ஓன் பண்ணிப் பாப்பன். அவன்ரை பேர் வரும். அவன் விளையாடின நேரம் வரும். பாத்திட்டு நிப்பாட்டி, பற்றரியைக் கழட்டி வைச்சிடுவன். 2016இலை பேர் வரேல்லை. வேறை பற்றரி போட்டன். வெயிலிலை காய வைச்சும் பாத்தன்.”

வெயிலில் காயவைத்தது ஏன் என்று எங்கள் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிற்குள் கொண்டுவர முடியாத பொருட்களில் பற்றரியும் ஒன்று. இருந்த பற்றரியை வெயிலில் வைத்து வைத்துப் பாவித்தோம். அதுவும் தீர்ந்தபின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீடுகள் எத்தனை! அந்தப் பழக்கத்தில்தான் அம்மா இதையும் வெயிலில் வைத்திருக்கிறார்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தவர் பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நான் வருசா வருசம் போட்டுப் பாத்ததாலைதான் அழிஞ்சுதோ பிள்ளை?”

இந்தக் கேள்வியை அவர் அதுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. தன் கையால்தான் மகனின் பெயர் அழிந்தது என்ற நினைப்போடு இத்தனை வருடங்கள் இருந்திருக்கிறார்.

பெட்டியை யாழ்ப்பாண நகரில் மணிக்கூடும் கைபேசியும் திருத்தும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். கசற்றின் திருகாணியைச் சாதாரண திருப்புளியால் கழற்ற முடியாது. அதற்கென்று ஒரு சாவி வேண்டும். அதைத் தேடி எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புச் சில்லுகளுக்குப் பக்கத்தில், கைக்கடிகாரத்துக்குப் போடுவதைப் போன்ற ஒரு வட்டப் பற்றரி, ஈயத்தால் பற்றவைத்தபடி இருந்தது. அம்மா மாற்றி மாற்றிப் போட்டது பெட்டியை இயக்கும் பற்றரிகளை. கசற்றுக்குள் இன்னொரு பற்றரி இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

தம்பி விளங்கப்படுத்தியதையும் நான் பின்னர் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கசற்றுக்குள் இரண்டு விதமான நினைவகங்கள் இருக்கின்றன. ஒன்றில் விளையாட்டு இருக்கிறது. அது தொழிற்சாலையிலேயே பதிந்தது, அதற்குப் பற்றரி தேவையில்லை. மற்றதில் விளையாடியவரின் பெயர், எவ்வளவு தூரம் போனார், எத்தனை மணித்தியாலம் விளையாடினார் என்பவை இருக்கின்றன. அதற்கு எந்நேரமும் ஒரு துளி மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும்.

முன்னைய விளையாட்டுகள் சிலவற்றில் நிறுத்தும்போது ஒரு வரிசை எழுத்துகள் திரையில் வரும். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிவைத்து, மறுமுறை அடித்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘செல்டா’ என்ற விளையாட்டின் கசற்றுக்குள்தான் நின்ரெண்டோ நிறுவனம் பற்றரி வைத்து இந்தச் சிரமத்தைப் போக்கியது. கொப்பி தேவைப்படவில்லை. ஆனால் பற்றரிக்கு ஆயுள் உண்டு. பத்து, பதினைந்து வருடம், சிலவற்றில் இருபதுக்கும் மேல். அதனால் உலகம் முழுவதும் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் சேமிப்புகள் இப்போது ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கின்றன.

பொக்கிமொன் கோல்ட் கசற்றில் இன்னொன்றும் உண்டு. அதற்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. வெளியே இரவானால் விளையாட்டிலும் இரவாகும். பெட்டியை நிறுத்தி வைத்தாலும் அந்த மணிக்கூடு நிற்பதில்லை. அதே சிறு பற்றரியில்தான் அதுவும் ஓடுகிறது. ஆகவே இந்தக் கசற்றுகளின் பற்றரி மற்றவற்றைவிட விரைவில் தீர்ந்துவிடும்.

அம்மாவின் கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருந்தது. பெட்டியை ஓன் பண்ணியிருக்கும்போது கசற்றுக்குத் தேவையான மின்சாரத்தைப் பெட்டியின் பற்றரிகளே கொடுக்கின்றன. உள்ளே இருக்கும் பற்றரி செலவாவது நிறுத்தி வைத்திருக்கும்போதுதான். அவர் பிறந்தநாளில் போட்டுப் பார்த்த அந்தச் சில நிமிடங்களில் அந்தப் பற்றரி இளைப்பாறியதே தவிர, தீரவில்லை.

மறுவாரம் போய் இதைத்தான் முதலில் சொன்னேன். அழிந்தது திரும்பி வராது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா இரண்டாவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதலாவதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அப்ப நான் பாத்ததாலை இல்லை.”

“இல்லையம்மா. நீங்கள் பாத்ததாலை இல்லை.”

பிறகு கேட்டேன். “அந்த நேரத்திலை என்ன இருந்ததெண்டு ஞாபகம் இருக்கோ அம்மா?”

அவர் யோசிக்கவே இல்லை. “143 மணித்தியாலம் 12 நிமிசம். அவன் வெண்ட சின்னம் 14. இன்னும் ரெண்டு கிடக்கெண்டு சொன்னவன்.”

எட்டுப் பிறந்தநாட்கள் பார்த்த எண்கள் அவருக்கு மனப்பாடம். ஒரு தாள் வாங்கி மகனின் பெயரையும் அந்த எண்களையும் எழுதி, திகதி போட்டுக் கொடுத்தேன். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் செஞ்சிலுவைச் சங்கக் கடிதமும் இருக்கும் அதே ஃபைலில் அதையும் வைத்தார்.

சகோதரிகளே, உங்கள் வீடுகளிலும் இப்படிப்பட்ட பேணிகள் இருக்கும். பிள்ளையின் கேம் கசற் இருந்து, பெயர் இன்னும் திரையில் வருகிறதென்றால் தாமதிக்காதீர்கள். முதலில் திரையைப் படம் எடுங்கள், எண்களை எழுதி வையுங்கள். கசற்றில் உள்ளதைக் கணினியில் பிரதியெடுக்கும் சிறு கருவி உண்டு. தெரிந்தவர் ஒருவர் முதலில் பிரதியெடுத்து, அதன்பின் பற்றரியை மாற்றி, பிரதியைத் திரும்பவும் ஏற்றித் தரலாம். பிரதியெடுக்காமல் பற்றரியைக் கழற்றினால் அந்த நிமிடமே எல்லாம் போய்விடும். கொடுக்கும்போதே இதைத் திருத்துபவரிடம் சொல்லிவிடுங்கள். பிந்தி வந்த சில கசற்றுகளில், உதாரணமாக பொக்கிமொன் ரூபியில், பற்றரி தீர்ந்தாலும் சேமிப்பு அழியாது, மணிக்கூடு மட்டுமே நிற்கும். எனவே பற்றரி தீர்ந்ததென்று திரையில் வந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

கைபேசியில் குரல் இருந்தால் அதையும் இன்னோர் இடத்தில் பதிந்து வையுங்கள். பற்றுச்சீட்டுத் தாளில் அடித்த எழுத்துகள் சில வருடங்களில் மங்கிப்போகும். ஃபைலில் அப்படி ஏதும் இருந்தால் இன்றே போட்டோப் பிரதி எடுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டிலும் இன்னொன்று சகோதரி வீட்டிலும் இருக்கட்டும்.

அந்தத் தம்பி கசற்றுக்குப் புதுப் பற்றரி போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. இனி யாராவது புதிதாகத் தொடங்கினால் அவருடைய பெயர் அதில் நிற்கும். அம்மா அதை மீண்டும் துணியில் சுற்றிப் பேணிக்குள் வைத்தார்.

“பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்” என்றார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.