ஏவத் தெரிந்தால் போதுமா?

கணினியைக் கட்டளை வரியிலிருந்தே நிறுத்தும் வித்தையை மாணவர்கள் ஒருவருக்கொருவர் மந்திரம்போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஷட்டவுன் /எஸ் /டி 3600' என்று ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துக் கணினி தானே நின்றுவிடும். எஸ்ஸுக்குப் பதில் ஆர் இட்டால் நின்று மீண்டும் எழும். (நம் 'போய் வருகிறேன்' என்பதன் கணினி வடிவம் இதுதான் போலும்!) ஏதேனும் தரவிறங்கட்டும் என விட்டுவிட்டு உறங்கப் போகிறவர்களுக்கு இது பெருவசதி. அதை நாம் மறுக்கவில்லை.

நம் குறை வேறு. பாரதக் கதையில் அசுவத்தாமனுக்குப் பிரம்மாத்திரத்தை ஏவத் தெரிந்தது, மீளப்பெறத் தெரியவில்லை. அருச்சுனனுக்கு இரண்டும் தெரியும். இவ்வித்தையைப் பரப்புவோரோ அசுவத்தாமர்களையே உருவாக்குகிறார்கள். 'ஷட்டவுன் /ஏ' என்னும் மீட்புக் கட்டளையைச் சொல்வோர் அரிது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் நச்சுநிரல் பரவி, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் 60 நொடியில் மறுதொடக்கமாவதாக அறிவித்து எண்ணத் தொடங்கின. அப்போது அந்த எண்ணிக்கையை நிறுத்தி, ஒட்டுநிரலை இறக்கிக்கொள்ள அவகாசம் பெற்றுத் தந்தது இந்த ஒற்றை வரிதான்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சுழியத்தைவிட மிகுந்த நேரத்தைக் குறித்தால், '/எஃப்' என்னும் வலிந்து மூடும் ஆணையும் சொல்லாமலேயே சேர்ந்துகொள்ளும் என்று மைக்ரோசாஃப்ட்டின் விளக்கக் குறிப்பே கூறுகிறது. அதாவது, நேரம் முடிந்ததும் திறந்திருக்கும் நிரல்கள், 'சேமிக்கவா?' என்ற கேள்விக்கு விடை வரும்வரை காத்திராமல் மூடப்படும். ஆய்வேட்டின் ஓர் இயலைத் தட்டச்சிட்டுச் சேமிக்காமல் உறங்கிய மாணவியின் நிலை என்ன? தானியங்கிச் சேமிப்பு காப்பாற்றினால் உண்டு. ஒரு மணி நேரம் என்று எண்ணைக் கற்பித்தவர், அந்த எண்ணுள் ஒளிந்திருப்பதையும் கற்பித்திருக்க வேண்டாமா?

யூனிக்ஸ் மரபு இவ்வகையில் பண்பட்டது. ஒரே கணினியில் பலர் பணிபுரிந்த காலத்தில் வளர்ந்தது அல்லவா? 'ஷட்டவுன் +10' என்றால், உள்நுழைந்திருக்கும் அனைவரின் முனையங்களிலும் எச்சரிக்கை தோன்றும். நேரம் வந்ததும் நிரல்களை முதலில் 'முடித்துக்கொள்' என்று கேட்கும். கேளாதவற்றையே பின்னர்க் கொல்லும். லினக்ஸில் மனம் மாறினால் '-சி' இட்டு விலக்கிக்கொள்ளலாம்.

கல்லூரி ஆய்வகச் சுவர்களில் கட்டளைக் குறிப்புகளை ஒட்டும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவே: முதல் வரியில் '/ஏ' இருக்கட்டும்; '/எஸ்' அதன் கீழே வரட்டும்.