மட்டை கப்பலேறுகிறது, பிளாஸ்டிக் கரையொதுங்குகிறது

முன்னேஸ்வரத்துக்குப் போகும் நம்மவர் பலரும் சிலாபத்தில் இறங்கி நேரே கோயிலுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான். இம்முறை கண்ணில் பட்டவை வழியோரம் குவிந்துகிடந்த தேங்காய் மட்டைகள். குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணம் இது. மட்டையை ஊறவைத்து அடித்தால் தும்பு, மிஞ்சுவது தும்புத்தூள். முன்பு கழிவாகக் குவிந்துகிடந்த அந்தத் தூள் இன்று கட்டியாக அழுத்தப்பட்டு, வெளிநாட்டில் பயிர் வளர்க்கக் கப்பலேறுகிறது.

இதே மேற்குக் கரைக்குக் கடல் கொண்டுவந்தது வேறு. 2021 மே மாதம் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் ஏற்றிவந்த பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். 100 கோடி டொலர் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

மட்டையிலிருந்து பிளாஸ்டிக் செய்ய முடியாதா? தும்பில் ஏறத்தாழ 40 சதவீதம் லிக்னின். தாவரத்துக்கு உறுதி தரும் பொருள் அது. கடதாசி ஆலைகளிலும் கழிவாகவே வெளியேறுகிறது, பெரும்பாலும் எரிக்கப்படுகிறது. ஜேர்மனியில் 1998இல் தொடங்கப்பட்ட டெக்னாரோ நிறுவனம், லிக்னினுடன் இயற்கை நாரைக் கலந்து ‘ஆர்போஃபோர்ம்’ செய்கிறது. சாதாரண பிளாஸ்டிக் போலவே உருக்கி வார்க்கலாம், திரும்பவும் உருக்கலாம்.

‘தாவர பிளாஸ்டிக்’ என்றதும் மயங்கிவிடவும் கூடாது. சோளத்திலிருந்து வரும் பிஎல்ஏ மக்குவதற்கு ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள உரமாக்கும் ஆலை வேண்டும். சிலாபக் கடற்கரையில் வீசினால் அதுவும் குப்பைதான். மட்டையிலிருந்து லிக்னினைப் பிரிக்கக் காரமும் தண்ணீரும் மின்சாரமும் தேவை. கழிவுநீரைச் சுத்திகரிக்காவிட்டால் களப்பு நாசமாகும். மீனவர் ஒருமுறை பட்டது போதும்.

இது நமக்கும் தூரத்துக் கதையல்ல. 2025 செப்டெம்பரில் புதுக்குடியிருப்பில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் ஆரம்பித்துவைக்கப்பட்டது. போரில் தோப்புகளை இழந்த மண்ணில் மீண்டும் தென்னை நடுவது நல்லதுதான். ஆனால் தேங்காயும் மட்டையும் ஏ-9 வழியே தெற்கே போய், பிளாஸ்டிக் வாளியாக நம் சந்தைக்குத் திரும்புமென்றால் வன்னிக்கு மிஞ்சுவது கூலி மட்டும். காணி இன்னும் படையினரிடம் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. தும்புத் தொழிலில் கயிறு திரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். போர் குடும்பச் சுமையை ஏற்றிவைத்ததும் அவர்கள் தலையில்தான். அடுத்த கட்ட உற்பத்தியும் அவர்கள் ஊரில், அவர்களது கூட்டுறவுச் சங்கங்களின் கையில் நடக்க வேண்டும்.

கன்று காய்க்க ஆறேழு வருடமாகும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. மட்டையில் லிக்னினைப் பிரித்துப் பார்க்க அந்த வருடங்கள் போதும்.